ஆச்சிக்கு எந்த எண்?

நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலை செய்கிறவர்கள், வேலை தேடுகிறவர்கள் இரு தரப்பும் சேர்ந்து 2017-18-ல் 23.3 சதவீதம் இருந்தார்கள். 2023-24-ல் அது 41.7 சதவீதம். ஆறே வருடத்தில் இவ்வளவு ஏற்றம். மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறார்கள். எதிர்க்கட்சி மேடையில் ஏறுகிறவர்கள் "எல்லாம் பொய்க்கணக்கு" என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே எனக்கு ஒப்புதல் இல்லை. ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில், வெயிலில் வந்து நிற்கிற ஒருவர் கேட்கும் கேள்விக்கு அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்த ஓர் அம்மா அவசரமாகச் சொல்லும் பதிலில்தான் அந்தச் சதவீதம் பிறக்கிறது. அப்படி வெயிலில் நின்றவர்களில் நானும் ஒருத்தி.

தேசிய மாதிரி ஆய்வில் கள வேலை எனக்கு. உத்தியோக காலத்தில் பெரும்பகுதி திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்து ஊர்களிலேயே கழிந்தது. "கணக்கெடுக்கிற மேடம்" என்பார்கள். பல ஊரில் "சென்சஸ் டீச்சர்". சென்சஸ் வேறு, நாங்கள் வேறு என்று விளக்கி அலுத்து, கடைசியில் டீச்சராகவே இருந்துவிட்டேன். வீடுகளில் கேட்டது எதையும் ஆள் அடையாளத்தோடு வெளியே சொல்லக்கூடாது என்பது சட்டம். அதனால் இந்தக் கட்டுரையில் பெயர்கள் இருக்காது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேப்பர்கள் இதைத் 'தொழிலாளர் பங்கேற்பு விகிதம்' என்று எழுதுகின்றன. ஒரு ஊரில் 15 வயது தாண்டியவர்கள் நூறு பேர் என்று வையுங்கள். 2023-24 கணக்குப்படி அதில் 60 பேர் உள்ளே. 58 பேர் வேலை பார்க்கிறார்கள், 2 பேர் வேலை தேடுகிறார்கள். மீதி 40 பேர் வெளியே. படிக்கிற பிள்ளைகள், வீட்டைப் பார்க்கிற பெண்கள், பென்ஷன்காரர்கள், முடியாதவர்கள் எல்லாரும் இந்த நாற்பதில் அடக்கம். நூற்றுக்கு அறுபது என்பது பங்கேற்பு விகிதம். அந்த அறுபதில் இரண்டு பேருக்கு வேலையில்லை. ஆகவே வேலையின்மை விகிதம் மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே.

இங்கேயே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்த இரண்டு பேரில் ஒருத்தர் தேடித் தேடி வெறுத்துப்போய், "இனிமே எதுக்கு" என்று உட்கார்ந்துவிட்டால் அவர் வேலையில்லாதவர் பட்டியலிலிருந்து கழிந்து, வெளியே இருக்கும் நாற்பதோடு சேர்ந்து விடுவார். வேலையின்மை விகிதம் பாதியாகக் குறைந்திருக்கும். ஒருவருக்குக்கூட வேலை கிடைத்திருக்காது. அதனால் வேலையின்மை குறைந்தது என்று செய்தி வந்தால், பங்கேற்பு விகிதம் என்ன ஆயிற்று என்று அதே செய்தியில் தேடுங்கள். அது இல்லாத செய்தியை நான் பாதிச் செய்தியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இந்தப் புள்ளிவிவரம் இப்போது காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பிலிருந்து வருகிறது. 2017 ஏப்ரலில் தொடங்கியது அது. அதற்கு முன்னால் 1972-73 தொடங்கி 2011-12 வரை, சுமார் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பெரிய ஆய்வாக நடந்தது. புதிய முறையின் முதல் வருடத்தில் நாடு முழுக்க 12,773 கிராமங்களிலும் நகர வட்டாரங்களிலும் சேர்த்து ஒரு லட்சத்துச் சொச்சம் வீடுகளில் கேட்டார்கள். "எங்க வீட்டுக்கு யாருமே வரலையே, அப்புறம் என்ன கணக்கு?" என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் ஒரு லட்சம் வீடு என்றால் வராததுதான் இயற்கை. எந்த ஊர், எந்த வீடு என்பதை நாங்கள் தேர்ந்தெடுப்பதில்லை; விதிப்படி குலுக்கலில் வருகிறது. மாதிரி எடுப்பதில் இந்தியாவுக்கு நல்ல பேர் உண்டு. 1950-ல் புள்ளியியல் அறிஞர் மகாலனோபிஸ் காலத்தில் போட்ட அஸ்திவாரம் அது. ஊரைத் தேர்ந்தெடுப்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. வீட்டுக்குள் போன பிறகுதான் எல்லாம் இருக்கிறது.

ஆலங்குளம் பக்கத்தில் ஒரு வீடு. வாசலில் நின்ற பையன்தான் பதில் சொன்னான். குடும்பத்தில் எத்தனை பேர் என்றால் ஐந்து. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம், அதுதான் எங்கள் இலக்கணம். அப்பா கேரளாவில் ஹோட்டல் வேலை, பண்டிகைக்கு மட்டும் வருவார். அவரை விட்டால் நான்கு பேர். "அம்மா என்ன வேலை பாக்காங்க?" "வேலைக்கெல்லாம் போகல, வீட்லதான்." "ஆச்சி?" "ஆச்சிக்கு என்ன வேல, வயசாயிட்டு." தங்கை பன்னிரண்டாவது. அவன் காலேஜ் முடித்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கிறான்.

அந்தப் பதிலை அப்படியே எழுதியிருந்தால் அந்த வீட்டில் வேலை செய்கிறவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் நடுவீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி மடியில் நனைத்த பீடி இலைக் கட்டு. தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரியால் ஓரத்தை வெட்டி வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா மடியில் சுளகு. அதில் இலை, தூள், நூல். இலையை எடுப்பது தெரியும், முடிந்த பீடி விழுவது தெரியும், நடுவில் விரல் செய்வது கண்ணுக்கு எட்டாது. பள்ளிக்கூட யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அந்தப் பிள்ளை நுனி மடக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இதுக்குக் கூலி உண்டுல்லா?"

"உண்டு மேடம். ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு. கடைல சனிக்கிழம குடுப்பாவ."

"கார்டு யார் பேர்ல?"

"எம்பேர்லதான். பி.எஃப். பிடிக்காவ."

"பெறகு ஏன் தம்பி வீட்லதான்னு சொல்லுதான்?"

அவர் சிரித்தார். "வீட்லதான இருக்கேன்!"

பையன்மேல் குற்றம் இல்லை. அவன் கண்ணுக்கு அது அம்மா தினமும் செய்கிற ஒன்று. இப்போது எங்கள் கணக்கில் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு இரண்டிலக்க எண் போடவேண்டும். சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கு 11. ஆள் வைத்துத் தொழில் நடத்தினால் 12. குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் கூட ஒத்தாசை செய்தால் 21. மாதச் சம்பளக்காரர் 31. தினக்கூலி 51. வேலை தேடினால் 81. படித்தால் 91. வீட்டு வேலை மட்டும் என்றால் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுக்குத் தைப்பது மாதிரியானவையும் இருந்தால் 93. வாடகை, பென்ஷன் வைத்து வாழ்ந்தால் 94. மேலே சொன்னவற்றில் எழுபதைத் தாண்டிய எண்களில் 81 மட்டும்தான் உள்ளே. தொண்ணூறுகள் எல்லாம் வெளியே.

அந்த அம்மாவுக்கு 11. ஆச்சிக்கு 21. அந்தப் பிள்ளைக்கு முதன்மை எண் 91. வருடத்தில் முப்பது நாளோ அதற்கு மேலோ நுனி மடக்கியிருந்தால் துணை வேலையாக 21. அதோடு வயது 15 ஆகியிருந்தால் அவளும் பங்கேற்பு விகிதத்தில் ஏறிவிடுவாள். தம்பிக்கு என்ன எண் என்பது, "இன்னிக்கு ஒரு வேலை கிடைச்சா போவியா?" என்று கேட்டால்தான் தெரியும். போவேன், மனு போட்டிருக்கிறேன் என்றால் 81. பரீட்சை முடியும்வரை எதுவும் வேண்டாம் என்றால் தொண்ணூறுகளில் ஒன்று. திண்ணையில் கால் மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்ததில் அந்த வீட்டுப் பெண்கள் மூவரும் வெளியிலிருந்து உள்ளே வந்துவிட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் இருந்த இடத்தைவிட்டு எழவே இல்லை.

அம்மாவுக்குப் போட்ட 11-ஐப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனசு வரவில்லை. இலை கொடுப்பது கடை, தூள் கொடுப்பது கடை, ஆயிரத்துக்கு எவ்வளவு என்று நிர்ணயிப்பது கடை, பீடி சரியில்லை என்று கழித்துப் போடுவதும் கடை. 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம் இவரைத் தொழிலாளி என்றது. எங்கள் விதியோ, வேறொருவர் கொடுத்த சரக்கைத் தன் வீட்டில் வைத்துச் செய்து கொடுப்பவரைச் சுயதொழில்காரர் என்கிறது. வீடு அவருடையது, கத்தரி அவருடையது, நேரம் அவருடையது என்பது அதற்குச் சொல்லும் நியாயம். நான் விதிப்படி எழுதினேன். ஆனால் சுயதொழில் செய்யும் பெண்கள் பெருகிவிட்டார்கள் என்று தலைப்புச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுளகுதான் ஞாபகம் வரும்.

கால எல்லை இன்னொரு சிக்கல். "வேலை பார்க்கிறீர்களா?" என்றால் எப்போது? இன்றைக்கா, போன வாரமா, வருடம் முழுக்கவா? நெல் நடவு வேலைக்குப் போகிறவரை நடவு சமயத்தில் கேட்டால் ஒரு பதில், சித்திரை வெயிலில் கேட்டால் வேறு பதில். 1970-ல் தந்த்வாலா தலைமையிலான நிபுணர் குழு, நம் ஊர் மாதிரி நாட்டில் ஒரே அளவுகோல் போதாது என்று சொன்னது. அதிலிருந்துதான் வழக்கமான நிலை, வார நிலை, அன்றாட நிலை என்று மூன்று வகைக் கணக்கு வந்தது. வழக்கமான நிலையில் கடந்த 365 நாட்களைப் பார்ப்போம். பெரும்பகுதி நாள் எதில் போயிற்று என்பது முதன்மை, முப்பது நாளுக்குக் குறையாமல் செய்த வேறு வேலை துணை. வார நிலையில் கடந்த ஏழு நாட்களில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே போதும்.

ஒரு மணி நேரமா என்று சிரிப்பீர்கள். வகுப்பெடுக்கும்போது புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளும் சிரிப்பார்கள். இது உலகம் முழுக்க உள்ள வழக்கம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்தது. ஒரு நாட்டின் உற்பத்தியைக் கணக்கிடும்போது அந்த ஒரு மணி நேரத்தில் விளைந்ததும் அதில் சேர்கிறது. விளைவித்த ஆளைத் தொழிலாளர் கணக்கில் விட்டுவிட்டால் இரண்டும் இடிக்கும். அதோடு, வேலையே இல்லாதவர் யார் என்று பிரித்தெடுக்கத்தான் இந்தக் கோடு. போதுமான வேலை கிடைக்காதவர் யார் என்பதற்கு, எத்தனை மணி நேரம் பார்த்தார், இன்னும் கிடைத்தால் பார்ப்பாரா என்று தனியாகக் கேட்கிறோம். அந்தப் பதில்கள் அறிக்கையின் உள்பக்கங்களில் தூங்கிக்கொண்டிருக்கும். பேப்பர்காரர்கள் அங்கே போவதே இல்லை.

கேள்வியை மாற்றினால் நாடே மாறிவிடும் என்பதற்கு நம் சென்சஸே சாட்சி. 1961 கணக்கில், பருவத்தில் பெரும்பாலான நாட்கள் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்திருந்தாலே தொழிலாளி. மொத்தப் பெண்களில் சுமார் 28 சதவீதம் பேர் அதில் வந்தார்கள். 1971-ல் "உங்கள் முக்கியமான காரியம் எது?" என்று முதலில் கேட்டார்கள். வயலுக்கும் போய், வந்து சோறும் பொங்குகிற பெண்ணிடம் இப்படிக் கேட்டால் என்ன சொல்வார்? விகிதம் ஏறக்குறைய பாதியாக விழுந்தது. பத்து வருடத்தில் வேலை செய்த பெண்களில் பாதிப் பேர் அரிவாளைக் கீழே போட்டுவிடவில்லை. 1991 சென்சஸில், வயலிலும் குடும்பத் தொழிலிலும் கூலியில்லாமல் செய்யும் வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று கேள்விக்குள்ளேயே எழுதவேண்டியதாயிற்று. பொருளாதார அறிஞர் தேவகி ஜெயின் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிய விஷயம் இது.

நம் ஊர்க் கதை மட்டும் என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆவணங்களில் கல்யாணமான பெண்களின் தொழில் என்ற இடத்தில் 'மனைவி' என்றே எழுதி வைத்திருந்தார்கள். பண்ணையில் வேலை செய்தாலும், வீட்டில் ஆட்களைத் தங்கவைத்துச் சாப்பாடு போட்டுச் சம்பாதித்தாலும் அதே சொல்தான். கிளாடியா கோல்டின் பழைய ஆவணங்களைத் தோண்டித் திருத்திப் பார்த்தபோது, 1890-களின் இறுதியில் வேலை செய்த கல்யாணமான பெண்களின் விகிதம் சென்சஸ் சொன்னதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வந்தது. 2023-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தபோது எங்கள் பழைய கள ஆட்கள் வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம் ஆரவாரமாகத்தான் இருந்தது.

எது வேலை என்ற கோட்டுக்கு வருவோம். வீட்டுக்கு மட்டும் பால் கறக்க ஒரு பசு வைத்திருந்தால், அந்தப் பசுவைப் பார்க்கிறவர் எங்கள் கணக்கில் உழைப்பாளி. மாட்டைக் கறந்தால் வேலை. கறந்த பாலைக் காய்ச்சினால் வேலையில்லை. சொந்தச் சாப்பாட்டுக்கு நெல் விளைவித்தால் வேலை. அதைச் சோறாக்கினால் இல்லை. குழந்தை வளர்ப்பு, படுத்த படுக்கையான மாமியாரைப் பார்ப்பது, இரண்டு குடம் தண்ணீருக்காக ஒன்றரை மைல் நடப்பது எதுவும் வேலை இல்லை. இதில் தண்ணீரும் விறகும் கொண்டுவருவதை ஐ.நா. வகுத்த தேசியக் கணக்கு முறை உற்பத்தியாகவே ஏற்கிறது. நம் ஆய்வு 93 என்று போட்டு வெளியே வைக்கிறது. பழைய ஐந்தாண்டு ஆய்வுகளில் 92, 93 போட்ட பெண்களிடம் தனியாக ஒரு கேள்விப் பட்டியல் கேட்போம்: தோட்டம் போடுகிறீர்களா, கோழி வளர்க்கிறீர்களா, வரட்டி தட்டுகிறீர்களா, வெளியிலிருந்து தண்ணீர் எடுக்கிறீர்களா என்று. ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று வரும். எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு ஓர் அக்கா கேட்டார்: "இவ்வளவையும் கேட்டுட்டு, கடைசில என்னன்னு எழுதுவீய?" அவர் கேட்டது கிண்டலா, ஆவலாதியா என்று பிரிக்கத் தெரியவில்லை.

நேரக் கணக்கு தனியாக எடுத்திருக்கிறார்கள். 2024-ல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதைச் செய்யும் ஆண்களுக்கு 88 நிமிடம். பெண்கள் பக்கம் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அது போக எந்த நேரத்தில் 'உழைப்புப் படை'யில் சேர்வது?

ஒரு களச் சங்கதியும் உண்டு. வெளியே இருப்பவர்கள் இதை யோசிப்பதில்லை. ஒருவருக்கு 11 என்றோ 51 என்றோ போட்டுவிட்டால் அதோடு முடியாது. என்ன தொழில், எந்தத் துறை, யாரிடம், எத்தனை மணி நேரம், எவ்வளவு வருமானம், லீவு உண்டா, எழுத்தில் ஒப்பந்தம் உண்டா என்று கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். 92 போட்டால் அத்தனையும் மிச்சம். பதில் சொல்கிறவருக்கு உலையில் அரிசி கொதிக்கிறது. கேட்கிறவருக்குக் கடைசி பஸ் போய்விடும். இரண்டு பேருக்குமே வசதியான எண் 92-தான். உலகத்தில் எந்தக் குடும்ப ஆய்விலும் இந்தச் சாய்வு இருக்கும். இப்போது டேப்லெட் வந்துவிட்டது. ஒன்றுக்கொன்று பொருந்தாத பதிலைக் கருவியே தடுக்கும். ஆனால் கேட்கப்படாத கேள்வியை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது.

அதற்காக எல்லாமே திண்ணையில் நடக்கும் மாயம் என்றும் சொல்லிவிடக்கூடாது. 2004-05-ல் 15 வயதைத் தாண்டிய பெண்களின் விகிதம் 42-க்கு மேல் இருந்தது. 2011-12-ல் 31 ஆனது, 2017-18-ல் 23.3. அந்த இறக்கத்தின் ஒரு பகுதியை நான் கண்ணால் கண்டேன். நடவுக்கு வரிசை கட்டி நின்ற பெண்களுக்குப் பதில் வயலில் மெஷின் நின்றது. அறுப்புக்கு வெளியூரிலிருந்து பெரிய மெஷின் வந்து மணிக்கணக்கில் வேலையை முடித்துவிட்டுப் போனது. இன்னொரு பக்கம், பதினாறு வயதில் களை எடுக்கப் போயிருக்கவேண்டிய பிள்ளை காலேஜ் பஸ்ஸுக்கு நின்றாள். அவளும் விகிதத்தைக் கீழே இழுக்கத்தான் செய்தாள்; அந்த இழுப்பு எனக்குச் சந்தோஷம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்த குடும்பங்கள் பெண்களைக் கூலிக்கு அனுப்பாமல் நிறுத்திக்கொண்டதும் உண்டு. நாடு வளரும்போது பெண்களின் பங்கேற்பு முதலில் இறங்கிப் பிறகு ஏறும் என்று கோல்டின் காட்டியதில் அந்த இறங்குகிற பாதி இதுதான் என்று சிலர் சொல்வார்கள். ஏறுகிற பாதி தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. ஏறுவதற்கு ஆபீஸும் ஆலையும் பக்கத்தில் இருக்கவேண்டும், போய்வர பஸ் இருக்கவேண்டும்.

அப்படியானால் 23.3 எப்படி 41.7 ஆனது? உள்பக்கத்தைத் திறந்தால் தெரியும். 2017-18-ல் வேலை செய்த பெண்களில் பாதிக்குச் சற்று மேலே சுயதொழில்; 2023-24-ல் அது 67.4 சதவீதம். அதற்குள்ளேயே, குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் ஒத்தாசை செய்கிறவர்கள், அதாவது நம் ஆச்சிக்குப் போட்ட 21, வேலை செய்யும் பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. மாதச் சம்பளம் வாங்குகிறவர்களின் பங்கோ 21 சதவீதத்திலிருந்து 15.9-க்கு இறங்கியிருக்கிறது. ஏற்றம் நடந்தது பெரும்பாலும் கிராமத்தில், வயலிலும் வீட்டுத் தொழிலிலும். கொரோனாவில் ஊர் திரும்பியவர்கள், வருமானம் போதாமல் மாடும் தையல் மெஷினும் வாங்கியவர்கள், முன்பு 92 போட்ட இடத்தில் இப்போது நன்றாகக் கேட்டு 21 போடுகிறவர்கள் எல்லாருமே இதில் கலந்திருக்கிறார்கள். எது எவ்வளவு என்று பிரிப்பது ஆராய்ச்சியாளர்களுக்கே இன்னும் சண்டையாக இருக்கிறது. என்னைக் கேட்டால், இந்த விகிதத்தைத் தனியாக அச்சடிப்பதையே நிறுத்தவேண்டும். எத்தனை பேர் சம்பளத்துக்கு, எத்தனை பேர் சொந்தமாக, எத்தனை பேர் கூலியில்லாமல் என்ற மூன்றையும் பக்கத்திலேயே போடவேண்டும். திருப்பூரில் ஷிஃப்டுக்கு நின்று சம்பளம் எண்ணும் பெண்ணையும் ஆலங்குளத்து ஆச்சியையும் ஒரே 'ஒன்று' என்று கூட்டிவிட்டு, கூட்டல் கூடிவிட்டது என்று குதிப்பதில் அர்த்தம் இல்லை. நாட்டிலுள்ள ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இரண்டு பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்கிற கணக்கு இந்த மொத்த விகிதத்துக்குள் புதைந்து காணாமலே போய்விடுகிறது.

ஆச்சியை எண்ணவே கூடாது என்று வாதிடுகிறவர்களோடும் நான் இல்லை. அமெரிக்காவில் குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உழைப்பவர் வாரத்துக்கு 15 மணி நேரமாவது பார்த்திருந்தால்தான் எண்ணுவார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2013 மாநாடு, கூலிக்கோ லாபத்துக்கோ செய்வதை மட்டும் 'வேலைவாய்ப்பு' என்று வைத்துக்கொண்டு, சொந்த உபயோகத்துக்கு விளைவிப்பதை வேறு வகையாகப் பிரித்தது. அதைப் பின்பற்றினால் வீட்டுக்கு மட்டும் நெல் போடுகிறவர்களும் பசு வைத்திருப்பவர்களும் வெளியே போய்விடுவார்கள். இந்தியாவின் விகிதம் மறுபடி சரியும். ஆச்சி வெட்டுகிற இலையிலோ வீட்டுக்கு ரொக்கம் வருகிறது. அந்த ரொக்கம் அவர் கைக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

தனியார் தரப்பில் சி.எம்.ஐ.இ. நிறுவனம் தன் குடும்ப ஆய்வில் 2016 முதல் வேலை நிலையையும் கேட்கிறது. அவர்கள் கேட்பது அன்றைய நிலையை. அவர்கள் கணக்கில் பெண்களின் பங்கேற்பு பத்து சதவீதத்தை ஒட்டியே வந்திருக்கிறது. ஒரே நாடு; ஒரு கணக்கில் பத்து, இன்னொன்றில் நாற்பது. டிவி விவாதத்தில் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு அடித்துக்கொள்ள இதைவிட வசதி வேறென்ன வேண்டும்! அரசுக் கணக்கும் சர்ச்சைக்குத் தப்பியதில்லை. 2017-18 அறிக்கை வெளிவராமல் தாமதமானதை ஒட்டி 2019 ஜனவரியில் தேசியப் புள்ளியியல் ஆணைய உறுப்பினர்கள் இருவர், பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும், ராஜினாமா செய்தார்கள். அந்த வருடம் மே மாதம்தான் அறிக்கை வந்தது.

2025-லிருந்து மாதா மாதம் கணக்கு வருகிறது. முதல் வெளியீட்டில், 2025 ஏப்ரலுக்கு, பங்கேற்பு விகிதம் 55.6 சதவீதம். உடனே 60.1 என்ற 2023-24 விகிதத்தோடு வைத்து "நாலரை சதவீதம் விழுந்தது" என்று ஒருவர் எனக்கு ஃபார்வர்டு அனுப்பினார். 55.6 வார நிலைக் கணக்கு. 60.1 வருட நிலைக் கணக்கு. ஏப்ரலில் அந்த ஏழு நாள் வயலுக்குப் போகாத பெண், வருடக் கணக்கில் இருப்பார், வாரக் கணக்கில் இருக்கமாட்டார். ஏப்ரலை மே மாதத்தோடு ஒப்பிட்டாலும் பருவம் குறுக்கே வரும். அடுத்த ஏப்ரலோடு ஒப்பிட்டால் ஓரளவு சரி.

ஓய்வுக்குப் பிறகும் ஊர்ப்பக்கம் போனால் பழைய பழக்கம் விடுவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே மனசு எண் போட ஆரம்பித்துவிடும். 2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாய் வர ஆரம்பித்தது. வீட்டில் பெண்கள் செய்யும் கூலியில்லாத உழைப்புக்கு அங்கீகாரம் என்று சொல்லிக் கொடுக்கிற பணம். அந்தப் பணம் கணக்கில் ஏறியதால் ஒருத்திக்குக்கூட 92 மாறாது. அரசு உதவி வாங்குவது வேலை ஆகாது. ஒரு மைனி, உறவுக்காரர்தான், சில மாதத் தொகையைச் சேர்த்து இரண்டு ஆட்டுக்குட்டி வாங்கி வளர்க்கிறார். "ஆடு மேய்க்க நேரம் எங்க கெடைக்கு, சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓடைப்பக்கம் பத்திட்டுப் போவேன்" என்றார். வாரக் கணக்கிலும் வருடக் கணக்கிலும் அவர் இப்போது உள்ளே. துணை வேலை, 11. கிடா விற்ற காசு மகனின் ஃபீஸுக்குப் போயிற்றாம். "உங்க வீட்டுக்காரர்ட்ட கேட்டா நீங்க என்ன வேலை பாக்கீயன்னு சொல்லுவார்?" என்று கேட்டேன். "ஆடு அவர் பேர்லலா இருக்கு, சொசைட்டில" என்றார்.